ஆரு ஒறங்குதா

எங்கள் வீட்டில் கதவுகளுக்குச் சத்தம் கிடையாது.
கீல்களுக்குத் தேங்காயெண்ணெய்,
கொண்டியின் நாக்கில் ஒரு துண்டு ரப்பர் ஷீட்.
குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற ரோட்டில்
ஓட்டுக்கூரை, மூன்று முறி,
நடுமுறியில் அப்பா.

விடியற்காலை மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
நானூறு மரம் பால்வெட்டப் போகிறவர்.
பாலெடுத்து, உறையவைத்து,
முந்தின நாள் ஷீட்டை அடித்துக் காயப்போட்டு
உச்சிக்கு வருவார். கஞ்சி குடிப்பார்.
ஒன்றரைக்குப் படுத்தால் நாலு.

சனி, ஞாயிறு, பெரிய லீவு,
அந்த இரண்டரை மணி நேரத்தில்தான்
நான் வளர்ந்தேன்.
பாதத்தின் வெளியோரத்தால் நடக்க,
தம்ளரை வைக்குமுன் அடியில் சுண்டுவிரலைக் கொடுக்க,
தும்மலை முழங்கைக்குள் புதைக்க,
அழுகையை...
அதை எங்கே புதைத்தேனென்று
இப்போது தேடினால் கிடைக்கவில்லை.
"அப்பா ஒறங்குதாரு" என்று
அம்மா சொல்வதுகூட இல்லை.
புருவம் தூக்கினால் போதும்.

ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில்
இரவு டியூட்டிக்கு என்னைத்தான் கேட்பார்கள்.
"ஊசி போட்டுட்டுப் போனதே தெரியல்ல சிஸ்டர்."
அடக்கமான பிள்ளை என்று
பெண்பார்க்க வந்தவர்களும் சொன்னார்கள்.
பிறகொரு நாள்
கேட்காமலே என் வளையல்களை அடகு வைத்து
ரசீதை மேசையில் போட்டபோது
நான் பேசியிருக்க வேண்டும்.
பக்கத்து முறியில் யாரோ உறங்குவதுபோல்
நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி பென்சிகர் திங்கள்சந்தையில்
குலை ஏலம் விடுகிறான்.
மட்டி ஒரு தரம், செந்துளுவன் ரெண்டு தரம்,
ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.
வீட்டிலும் அதே தொண்டை.
கறிக்கு உப்பு வேண்டுமென்றாலும் மூன்று தரம்.
இவனும் எண்ணெய் போட்ட அந்தக் கதவுக்குள்
விரலை மடக்கி எண்ணிக்கொண்டு
நாலு மணிக்குக் காத்திருந்தவன்தான்.
ஒரே மரத்துப் பாலில்
ஷீட்டும் உண்டு, ஒட்டுப்பாலும் உண்டு.
எங்களில் யார் எதுவென்று
நான் சொல்லமாட்டேன்.

போன ஞாயிறு மத்தியானம்
பார்வதிபுரத்து வாடகை வீட்டில்
மகள் அபிஷா பீரோ கதவை ஓங்கி அறைந்தாள்.
என் விரல் என்னைக் கேட்காமல்
உதட்டுக்குப் போயிற்று.
பிள்ளை விறைத்து நின்றாள்.
காற்றாய்க் கேட்டாள்:
"ஆரும்மா ஒறங்குதா?"

இருவரும் முறிமுறியாகப் பார்த்தோம்.
அவள் அப்பா மஸ்கட்டில்.
கட்டிலில் துவைத்த துணி.
ஒருவரும் இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
அப்பா போய் ஆறு வருஷமாகிறது,
இனி கேட்டால் என்ன என்று கேட்டேன்.
"அவருக்கா?
தலைமாட்டுல இடி விழுந்தாலும் ஒறங்குவாரு மக்களே.
காத்துல ஓடு பறந்த அன்னைக்கு
நான்தான் காலப் பிடிச்சு உலுக்கி எழுப்பினேன்.
எனக்காக்கும் வேணும்,
கேட்டியா, அந்த ரெண்டரை மணி நேரம்."

அப்போ நீ என்ன செய்வ?

"ஒண்ணும் செய்யமாட்டேன்.
அடுக்களைப் படியில இருப்பேன்.
ஆரும் என்னைக் கூப்பிடமாட்டாவ இல்லியா."

அந்தப் பக்கம்
சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று.
பிறகு, சக்கை வெட்டியிருக்கு,
பென்சிகர்ட்ட குடுத்து விடவா என்றாள்.

போனை வைத்தேன்.
அபிஷா இன்னும் பீரோ பக்கத்திலேயே நின்றாள்.
ஒன்றும் சொல்லாமல் போய்
கதவை அகலத் திறந்து
இருக்கிற பலமெல்லாம் சேர்த்து
ஒரு தரம் அறைந்தேன்.

சத்தம் வரவில்லை.
சுண்டுவிரல் முந்திக்கொண்டு
இடையில் போயிருந்தது.